அச்சம் கற்கும் விதமும் அஃது அடங்கும் விதமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் யாம் மூளையைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுள் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அச்சம் என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தம் இறைவர் என்பன அந்நான்கு. இவற்றுள் இறுதியில் நின்ற இறைவர் என்பது நம்மை ஆளும் நிலையில் உள்ளாரைக் குறிக்கும். சிறு பிள்ளைக்கு அந்நிலையில் நிற்போர் யாவர்? பெற்றோரும் ஆசிரியருமே யன்றோ? ஆகவே பிள்ளைகளை வளர்ப்போரும் கற்பிப்போரும் அச்சத்தின் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதனை இக்காலத்து ஆராய்ச்சியாளர் மூளையினுள்ளே தேடிக் கண்ட செய்திகளுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். அச்சம் முற்றும் தீயதன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயலென்பது நம் முன்னோர் துணிபு. பாம்புக்கும் தீக்கும் ஆழ்கிணற்றுக்கும் அஞ்சாத பிள்ளை நெடுநாள் பிழைத்தல் அரிது. ஆனால் நாம் அஞ்சுவனவற்றுட் பெரும்பாலானவை பிறவியிலேயே வந்தன அல்ல, கற்றுக்கொண்டவை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்கிறோம். அப்பூனைக்கு அடுப்பின்கண் அச்சத்தைக் கற்பித்தது ஒருமுறை பட்ட சூடே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்கிறோம். ஒன்றன்பாற் கற்ற அச்சம் அதனை ஒத்த பிறவற்றின்மேலும் பரவும் என்பது இதன் கருத்து. இவ்விரண்டு பழமொழிகளும் கூறிய உண்மையையே மேனாட்டு ஆராய்ச்சியாளர் சோதனைச் சாலையில் நிறுவினர்.

1920 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ஜான் வாட்சன் என்பாரும் ரோசலி ரெய்னர் என்பாரும் ஒரு குழந்தையைக் கொண்டு நடத்திய சோதனையின் விவரத்தை வெளியிட்டனர். அக்குழந்தையை ஆல்பர்ட் என்று அழைத்தனர். அதற்கு வயது பதினொரு திங்கள். வெள்ளெலி யொன்றைக் காட்டியபோது அது சிறிதும் அஞ்சாது தொட முயன்றது. பின்னர் எலியைத் தொடுந்தோறும் அதன் பின்னே இரும்புக் கழியைச் சுத்தியால் ஓங்கி அடித்துப் பேரொலி எழுப்பினர். சில முறை இவ்வாறு செய்தபின், ஒலி யில்லாமலே எலியைக் கண்ட அளவில் குழந்தை அழுது விலகிற்று. அஃதன்றியும் முயலையும் நாயையும் மயிர்ச் சட்டையையும் கண்டும் அஞ்சிற்று. இத்தகைய சோதனையைக் குழந்தையின்மேல் நடத்துதலை இக்கால ஆராய்ச்சி நெறி ஒப்புவதில்லை, ஒப்பாததும் நன்றே. ஆயினும், கேடற்ற ஒரு பொருளும் துன்பத்தோடு சேர்ந்து வந்தால் அச்சத்துக்குக் காரணமாய்விடும் என்பது இதனால் விளங்கிற்று.

அச்சத்தின் நினைவு ஏனைய நினைவுகளைப் போன்றதன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. ஜெனீவா நகரத்து மருத்துவர் கிளாப்பரேது என்பார் 1911 இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவள் நோயினால் புதிய நினைவு பதியப்பெறாதவள். நாள்தோறும் காணும் மருத்துவரையும் மறுநாள் அறியாள். ஒருநாள் மருத்துவர் தம் கையில் ஊசியை மறைத்து அவள் கையைக் குத்தினார். பின்பு அவர் கை நீட்டியபோது அவள் தன் கையைப் பின்வாங்கிக் கொண்டாள். காரணம் வினவியபோதோ குத்திய நிகழ்ச்சி அவளுக்கு நினைவில்லை. நாவால் சொல்ல அறியாத ஒன்றை உடல் அறிந்திருந்தது.

இனி, இவ்வச்சம் மூளையில் எவ்விடத்தே பதிகின்றது என்பதை நோக்குவோம். நம் செவிகளுக்கு நேராக உள்ளே சென்றால், மூளையின் இருபக்கத்திலும் வாதுமைப் பருப்பை யொத்த சிறு பகுதி யொன்று உண்டு. வாதுமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பெயர் பெற்று அமிக்டலா என வழங்குகின்றது. ஜோசப் லெடூ முதலிய அறிஞர்கள் எலிகளைக் கொண்டு இதன் தொழிலை விரிவாக ஆராய்ந்தனர். ஓர் ஒலியை எழுப்பி, அது முடியும்போது எலியின் காலில் சிறு மின்தாக்கு அளிப்பார்கள். இரண்டொரு முறைக்குப்பின் ஒலியைக் கேட்ட அளவில் எலி அசைவற்று உறைந்து நிற்கும். அமிக்டலா சிதைந்த எலிக்கோ இப்பாடம் ஏறுவதில்லை. 1995 இல் மனிதரிடத்தும் இதனைக் கண்டனர். அமிக்டலா சிதைந்த ஒருவர், எந்த நிறத்தின்பின் பேரொலி வரும் என்று வாயாற் சொன்னார். ஆனால் அவர் உடலில் அச்சக்குறி தோன்றவில்லை. நினைவுக்கு உரிய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சிதைந்த மற்றொருவர்க்கோ அச்சக்குறி தோன்றிற்று. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

அமிக்டலாவே அச்சத்தின் இருப்பிடமாயின், நாம் பேசவேண்டியது இத்துடன் முடிந்துவிடும். அஃது அவ்வாறன்று. நெற்றி எலும்புக்குப் பின்னே மூளையின் முன்பாகத்தை மூடியுள்ள புறணியொன்று உண்டு. அதனைப் பிரீபிரண்டல் கார்ட்டெக்ஸ் என்பர்; யாம் முன்நெற்றிப் புறணி என்போம். திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல், முன்னும் பின்னும் நோக்கி முடிவு செய்தல் ஆகிய தொழில்கள் இதனைச் சார்ந்தன. அச்சத்தைக் கற்றலிலும் நினைத்தலிலும் தணித்தலிலும் இதற்கு இன்றியமையாத பங்குண்டு. அப்பங்கினை மூன்றாக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, இடைவெளியை இணைத்தல். ஒலியும் தாக்கும் ஒருங்கே வருமாயின் அமிக்டலா அவற்றை எளிதிற் பிணைத்துக்கொள்ளும். ஒலி நின்று, சில விநாடி வெறுமையாகக் கழிந்து, அதன்பின் தாக்கு வருமாயின், நின்றுபோன ஒலியை மனத்துள் ஏந்தி நிற்பது எது? 2013 இல் ஓர் ஆராய்ச்சியில், எலிகளின் முன்நெற்றிப் புறணியில் பிரீலிம்பிக் என்னும் பகுதியை அவ்விடைவெளி நேரத்தில் மட்டும் ஒளியினால் அடக்கி வைத்தனர். அடக்கப்பட்ட எலிகள் அவ்விரண்டையும் நன்கு இணைத்துக் கற்கவில்லை. காலத்தாற் பிரிந்த காரணத்தையும் காரியத்தையும் பிணைக்கும் கயிறு இங்கே உளது என்று அறிக.

இரண்டாவது, அச்சத்தை வெளிப்படுத்தலும் நெடுநாள் நினைத்தலும். மேற்கூறிய பிரீலிம்பிக் பகுதியின் செயலை நிறுத்தினால், எலி முன்னர்க் கற்ற அச்சத்தைக் காட்டுதல் குறைகின்றது. அதுவுமன்றி, கற்ற சில மணி நேரத்தில் அச்சத்தை நினைவுகூர இப்பகுதியிலிருந்து அமிக்டலாவுக்கு நேரே செல்லும் வழி வேண்டப்படுகின்றது. ஏழு நாள் கழிந்தபின்போ தாலமஸ் என்னும் நடுப்பகுதியின் வழியாகச் செல்லும் வேறொரு வழி வேண்டப்படுகின்றது. இதனை 2015 இல் வெளியிட்டனர். பழைய அச்சமும் புதிய அச்சமும் ஒரே பாதையில் நடப்பனவல்ல.

மூன்றாவதே நமக்கு மிகவும் வேண்டப்படுவது. அஃதாவது அச்சத்தைத் தணித்தல். ஒலியைக் கேட்டு அஞ்சும் எலிக்குத் தாக்கின்றி ஒலியை மட்டும் பலமுறை கேட்பித்தால், சிறிது சிறிதாக அஞ்சாமற் போகும். அப்போது பழைய அச்சம் அழிந்துவிட்டதா? இல்லை. ரஷ்ய நாட்டுப் பாவ்லோவ் என்னும் பேராசிரியர், நாய்களுக்கு உணவோடு ஒலியைப் பழக்கிய தம் சோதனைகளிலேயே இதனைக் கண்டார். உணவின்றி ஒலிமட்டும் கேட்டு உமிழ்நீர் சுரத்தல் நின்ற பின்னும், சிறிது காலம் இடைவிட்டால் அது தானே திரும்பி வந்தது. அழிந்ததாயின் திரும்புதல் யாங்ஙனம்? ஆகவே, தணிதல் என்பது பழைய பாடத்தைத் துடைத்தலன்று. அதன் மேலே 'இப்போது தீங்கில்லை' என்னும் புதிய பாடத்தைக் கற்றலாம்.

அப்புதிய பாடத்தைப் போற்றி வைப்பதில் முன்நெற்றிப் புறணியின் பங்கு யாது? 1993 இல் மார்கன், ரொமான்ஸ்கி, லெடூ என்னும் மூவர், இப்புறணியின் உட்பக்கம் சிதைந்த எலிகள் அச்சத்தைக் கற்பதில் குறைவுபடவில்லை யாயினும், அதனை விடுவதற்கு மிக நெடுங்காலம் எடுத்துக்கொண்டன என்று காட்டினர். 2000 இல் கிரெகரி குவிர்க் என்பாரும் அவர் துணைவரும் மேலும் நுணுகி ஆராய்ந்தனர். அவ்வெலிகள் முதல்நாளில் ஏனைய எலிகளைப் போலவே அச்சந் தணிந்தன. மறுநாளோ அப்பாடத்தை நினைவில் வைத்திராமல் மீண்டும் அஞ்சின. 2002 இல் மிலாத் என்பாரும் குவிர்க்கும், இப்புறணியின் கீழ்ப்பாகமாகிய இன்ஃப்ராலிம்பிக் பகுதியிலுள்ள நரம்பணுக்கள், அச்சந் தணிந்ததை மறுநாள் நினைவுகூரும் எலிகளில் ஒலி கேட்டபோது கிளர்ந்தெழுவதைக் கண்டனர். அவ்விடத்தை மின்னாற் கிளர்த்தியபோது, தணிதற் பாடத்தை இன்னும் கற்றிராத எலிகளும் குறைவாகவே அஞ்சின. பின்னர் 2015 இல் ஒளியைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி, இப்பகுதி சிறப்பாக வேண்டப்படுவது அப்பாடம் பதியும் வேளையிலே என்று காட்டி முன்னைய கருத்தைச் சிறிது திருத்திற்று. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு நடப்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இதனை ஓர் உவமையால் விளக்குவோம். பாகன் யானையின் வலியை அழிப்பவனல்லன். அவ்வலி முழுதும் யானையினுள்ளே கிடக்க, காலமும் இடமும் நோக்கி அதனை அடக்கி நடத்துகின்றான். அவன் அயர்ந்தாலும், யானை அறியாத இடத்துக்குச் சென்றாலும், திடீரென வெடியோசை கேட்டாலும் அடங்கிய வலி வெளிப்படும். அச்சத்தின் திறத்தும் இம்மூன்றும் நிகழ்கின்றன. நாள் கடந்தால் தணிந்த அச்சம் தானே தலைகாட்டும். தணிந்த இடத்தை விட்டு வேறிடம் சென்றால் மீளும். எதிர்பாராத புதிய தாக்கு ஒன்று நேர்ந்தாலும் மீளும். மார்க் பௌட்டன் என்னும் அறிஞர் இவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்து, அச்சம் எங்கும் செல்லும், தணிவோ கற்ற இடத்தைப் பெரிதும் பற்றி நிற்கும் என்னும் பேருண்மையைத் தெளிவித்தார்.

மனிதரிடத்தும் இவ்வாறே. 2004 இல் எலிசபெத் பெல்ப்ஸ் என்பாரும் அவர் துணைவரும் படம் பிடிக்கும் கருவியால் நோக்கியபோது, தணிந்ததை மறுநாள் நினைக்குங்கால் முன்நெற்றிப் புறணியின் கீழ் உட்பாகம் தொழிற்படுதலைக் கண்டனர். 2012 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று நம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மிகவும் உரியது. சிறுவரையும் வயது வந்தோரையும் நோக்க, 12 முதல் 17 வயதுள்ளார்க்குக் கற்ற அச்சம் தணிதல் குறைவாக இருந்தது. முன்நெற்றிப் புறணி இருபதாம் வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே யிருப்பது என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக. அன்றியும், கடுந்துன்பத்துக்கு உட்பட்ட சுண்டெலிகளில் இன்ஃப்ராலிம்பிக் பகுதியின் நரம்பணுக் கிளைகள் சுருங்கின என்றும், அவற்றின் அச்சந் தணிதல் தடைப்பட்டது என்றும் 2006 இல் வெளியிட்டனர். அச்சத்தை விளைக்கும் துன்பமே அச்சத்தை அடக்கும் கருவியையும் நலிவிக்கின்றது. பாகனை அடித்து வீழ்த்திவிட்டு யானை அடங்கவில்லையே என்று வருந்துதல் தகுமோ?

அன்பர்களே, இவற்றை ஈண்டு விரித்ததன் பயன் யாதெனக் கேட்பீராயின், கூறுவோம். ஆண்டுதோறும் பள்ளி திறக்குங் காலத்தில் நம்மவர் பிள்ளையை அழைத்து வந்து, 'ஐயா, கண்ணிரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடம் ஒப்படைப்பது இன்றும் அற்றுப்போன வழக்கன்று. அதனை அன்பினாலேயே சொல்கின்றனர் என்பதை யாம் அறிவோம். பிள்ளை தம்மினும் உயர்ந்து வாழவேண்டும் என்னும் ஆவலே அச்சொல்லாக வெளிப்படுகின்றது. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அடியும் மருட்டலும் கற்பிக்கும் திறன் உடையன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எதனைக் கற்பிக்கின்றன? கணக்குப் பாடத்தில் அடிபட்ட பிள்ளை கணக்கையா கற்கின்றான்? கணக்குப் புத்தகத்துக்கும், அந்த மணியோசைக்கும், ஆசிரியரின் காலடி ஓசைக்கும் அஞ்சுதலையே கற்கின்றான். வெள்ளெலியோடு முயலையும் சேர்த்து அஞ்சிய குழந்தையைப் போல, கணக்கோடு படிப்பு முழுவதையும் அஞ்சத் தலைப்படுகின்றான். தேர்வு மண்டபத்தில் அமர்ந்ததும் கற்றதெல்லாம் மறந்து கைநடுங்கும் பிள்ளைகளை நாம் கண்டதில்லையா? சிந்தித்து விடைகாண வேண்டிய முன்நெற்றிப் புறணி, மிகுந்த அச்சக் கிளர்ச்சியில் தன் தொழிலைச் செவ்வனே செய்வதில்லை.

'நாங்களும் அடிபட்டே படித்தோம், கெட்டா போய்விட்டோம்?' என்று வினவுவாரும் உளர். அடிபட்டும் படித்தவர் இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். அடிபட்டதனாற் படிப்பை விட்டவரோ ஈண்டு வந்து சொல்லும் நிலையில் இல்லை. கரையேறினாரை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தை அளத்தல் ஆகாது. அன்றியும் இதனைச் சட்டமும் ஒப்பவில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மனத் துன்பமும் தருதலை விலக்கியுள்ளது.

ஏற்கெனவே அச்சங்கொண்ட பிள்ளைக்குச் செய்யத்தக்கது யாது? இதற்கும் பழைய வழியொன்று உண்டு. 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் சிறுவனைத் திருத்திய விதத்தை வெளியிட்டார். அவனை அச்சமில்லாத பிள்ளைகளோடு விளையாடச் செய்தார். அவன் விரும்பிய உணவை உண்ணும்போது கூண்டிலடைத்த முயலைத் தொலைவில் வைத்து, மெல்ல மெல்ல அருகே கொணர்ந்தார். இடையே சில பின்னடைவுகள் நேர்ந்தும், முடிவில் அவன் முயலைக் கையால் தடவி மகிழ்ந்தான்.

இதனின்றும் மேற்கூறிய ஆராய்ச்சிகளினின்றும் நாம் கொள்ளத்தக்கவை நான்கு. ஒன்று, அஞ்சும் பிள்ளையைக் கோழையென்று இகழாதீர். இகழ்ச்சி மற்றுமொரு தாக்கேயாம். இரண்டு, நீச்சல் கற்பிக்கக் கிணற்றில் தள்ளுவதைப்போல அச்சத்தினுள் ஒரேயடியாகத் தள்ளாதீர். படிப்படியாக அணுகச் செய்யுங்கள். அஞ்சியதை முற்றும் விலக்கிவிடுதலும் தவறு. அணுகாதவனுக்குத் தீங்கில்லை என்னும் பாடம் கிட்டாது. மூன்று, தணிவை ஓரிடத்தில் மட்டும் பயிற்றாதீர். வீட்டில் அஞ்சாது பாடம் ஒப்பிக்கும் பிள்ளையை உறவினர் முன்னும், பள்ளியிலும், சங்கக் கூட்டத்திலும் பேசப் பழக்குங்கள். நான்கு, தணிந்த அச்சம் மீண்டும் தலைகாட்டினால் எல்லாம் வீணாயிற்று என்று மனமுடையாதீர். மீளுதல் அதன் இயல்பு. மீண்டும் பயிற்றுதல் நம் கடமை. விபத்து, வெள்ளம், வன்முறை முதலிய பெருந்துன்பத்தாற் கொண்ட அச்சம் நெடுநாள் நீங்காமல் உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமாயின், தாயத்தோடு நின்றுவிடாது மனநல மருத்துவரை நாடுங்கள். அதில் நாணுதற்கு யாதொன்றுமில்லை. காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணுவார் உண்டோ?

ஒரு நொடியில் விதைக்கத்தக்க அச்சத்தை அடக்கப் பல நாட்கள் வேண்டும். அடக்கிய பின்னும் அது வேரோடு அற்றுப்போவதில்லை. இவ்வுண்மையை அறிந்தவர் பிள்ளையின்மேற் கையோங்குமுன் ஒருமுறை எண்ணுவர். வரும் ஆண்டு பள்ளி திறக்கும்போது நம்மவர் பிள்ளையை ஒப்படைக்குங்கால், 'ஐயா, ஐயம் தோன்றினால் அஞ்சாது கேட்கும்படி இவனைப் பழக்குங்கள்' என்று சொல்லி ஒப்படைக்க வேண்டுகின்றோம்.